ஒரு சவுண்ட் கார்டும் நாலு நாள் மௌனமும்

கடைக்குள்ள ஒருத்தன் வந்து, "பட்ஜெட் கம்மிதான் அண்ணாச்சி, கேமும் விளையாடணும், பாட்டும் கேக்கணும், எதை எடுக்க?"ன்னு கேட்டா கவுண்டர்ல நிக்கிற உங்க கை முதல்ல எங்கன போகுது? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஓரமா ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தா கிழவன் தூங்குதான்னு நினைச்சிராதீங்க. எதுல சத்தம் ஜாஸ்தியோ அதுக்குத்தான் நேராப் போகுது. வால்யூமை முழுசாத் திருப்பி அவன் காதுல மாட்டி விடுதீங்க. அவன் "ஆத்தாடி!"ன்னு சிரிக்குதான். பில்லு போட்டாச்சு, சோலி முடிஞ்சுது.

அந்தச் சிரிப்பைப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். வேலையை விட்டு, பொழுதுபோக்கா இங்கன வந்து உக்காருத இந்தக் காலத்துலயும் அது போகல. போன மாசம் உங்கள்ல ஒருத்தன் ஒரு பிள்ளைக்கு அப்படி மாட்டி விட்டப்போ நான் கத்தினேன்லா? கிழவனுக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு பின்னாடி பேசிக்கிட்டீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும். ஏன் கத்தினேன்னு ஒரு தடவை சொல்லிருதேன்.

தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது இது. அப்பல்லாம் கம்ப்யூட்டர் வாங்கினா ஊமையாத்தான் வரும். ஆன் பண்ணினா 'கீச்'னு ஒண்ணு கத்தும், அவ்வளவுதான். பாட்டு கேக்கணும், கேம்ல துப்பாக்கிச் சத்தம் வரணும்னா சவுண்ட் கார்டைத் தனியா வாங்கி உள்ள சொருகணும். ஜங்ஷன்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு கடையில நான் வேலை பாத்தேன். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். மாட்டுறது, கழட்டுறது, வாரவங்களுக்கு எது தோதுன்னு சொல்லுறது எல்லாம் நான்தான். இருபத்தெட்டு வயசு. எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு ஒரு நினைப்பு.

எங்ககிட்ட ரெண்டு விதமான கார்டு உண்டு. ஒண்ணு கலர் டப்பாவுல வரும், விலை கூட. இன்னொண்ணு வெறும் கவர்ல, பேரே இல்லாம வரும், விலை பாதி. உண்மையைச் சொன்னா அந்தப் பேர் இல்லாத கார்டு மோசம் கிடையாது. கொஞ்சம் இரைச்சல் உண்டு, ஆனா கேமுக்கும் பாட்டுக்கும் தாராளமாப் போதும். ஒரே ஒரு குறை, ஹெட்போன்ல கேட்டா சத்தம் மட்டாத்தான் இருக்கும். வீட்டுல அமைதியா உக்காந்து கேட்டா அதுவே நிறைவா இருக்கும். கடையில எப்படிக் கேக்கும்? வாசல்ல நாள் முழுக்க ஹாரன். மாட்டிப் பாத்தவன் எல்லாம் ஒண்ணுபோல சொல்லுவான், "சத்தம் காணாதே வே."

அதுக்கு ஒரு வழி வச்சிருந்தோம். அந்தக் கார்டுல ரெண்டு ஜம்பர் இருக்கும். ஜம்பர்னா உங்களுக்குத் தெரியாது, அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குல்லா, கார்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பி மேல மாட்டுறது. ரெண்டையும் ஒரு பக்கம் மாட்டினா ஹெட்போனுக்கு ஏத்த சத்தம் வரும். கழட்டி அடுத்த பக்கம் மாட்டினா கார்டுலயே இருக்கிற குட்டி ஆம்ப்ளிஃபயர் வேலை செய்ய ஆரம்பிச்சிரும். அது பெட்டி ஸ்பீக்கருக்கு உள்ளது, காதுக்கு உள்ளது இல்ல. எங்க கடையில சரக்கு வந்து இறங்கின உடனே நான் பண்ணுற முதல் வேலை, அத்தனை கார்டுலயும் குல்லாவைக் கழட்டி அடுத்த பக்கம் மாட்டுறதுதான். பெறகு மாட்டிப் பாத்தவன் எல்லாம் "ஆத்தாடி!"ன்னு சிரிச்சான்.

விக்கும்போது திருப்பி மாட்டிக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியும். தெரியாமப் பண்ணினேன்னு சொல்ல மாட்டேன். திருப்பி மாட்டிக் கொடுத்தா, கடையில கேட்ட சத்தம் வீட்டுல இல்லையேன்னு மறுநாளே வந்து நிப்பான். அதனால அப்படியே விட்டுட்டு, கம்ப்யூட்டர்ல வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கி வச்சிட்டு வந்துருவேன். பாட்டு கேட்டா ஒண்ணும் ஆகாது. ரொம்பப் பேருக்கு அப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன், ஒரு புகார் வரல. எல்லாம் நம்ம கைக்குள்ள இருக்குன்னு நினைச்சேன்.

அப்பதான் சூசை வந்தாரு. என் வயசு இருக்கும். திருச்செந்தூருக்குத் தெக்க ஒரு கடற்கரை ஊர், அப்பா வள்ளத்துல மீன் பிடிக்கப் போனவரு. இவரு துறைமுகத்துல லோடு வேலை பாத்துக்கிட்டே மூணு வருஷம் அலைஞ்சு, வெளிநாட்டுக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல ஒரு இடம் பிடிச்சிருந்தாரு. மெடிக்கல் டெஸ்ட் மட்டும் பாக்கி. அது வரைக்கும் தச்சநல்லூர்ல அக்கா வீட்டுல தங்கல். அத்தான் ஆபீஸ் வேலைக்குன்னு வாங்கி வச்ச ஊமைக் கம்ப்யூட்டர் ஒண்ணு அங்க கிடந்துச்சு.

"கப்பல்ல ஏறிட்டா ஒரு வருஷம் எஞ்சின் சத்தம்தான் வே. அதுக்குள்ள ஆசை தீரப் பாட்டு கேக்கணும், ரெண்டு கேம் விளையாடணும். அக்கா கைப்பிள்ளைக்காரி, ஸ்பீக்கர் வச்சா வீட்டை விட்டுத் தொரத்திருவா. ஹெட்போன்தான் வேணும்"னாரு. அந்தப் பேர் இல்லாத கார்டையும், காதை முழுசா மூடுற மெத்தை வச்ச ஹெட்போன் ஒண்ணையும் எடுத்துக் கொடுத்தேன். மாட்டிப் பாத்துச் சிரிச்சாரு. சனிக்கிழமை நானே வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்தேன். அவரு அக்கா காப்பி கொடுத்தாங்க. வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கி வச்சிட்டு நிம்மதியா வந்துட்டேன்.

திங்கக்கிழமை காலையில கடை திறந்த கையோட வந்து நின்னாரு.

"என்னன்னு தெரியல வே, நேத்து மத்தியானத்துல இருந்து காதுக்குள்ள ஙொய்ங்னு ஒரே சத்தம். கேம் போட்டேன், அந்தக் கறுப்புத் திரையில ஓடுமே, அது. முதல் குண்டு இடது பக்கம் வெடிச்சுது பாரும், மண்டைக்குள்ளயே வெடிச்ச மாதிரி இருந்துச்சு. ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சிட்டேன். பெறகு சத்தத்தைக் குறைச்சு வச்சுத்தான் விளையாடினேன். ஆனா இந்த ஙொய் போக மாட்டேங்குது."

கறுப்புத் திரையில ஓடுற அந்தப் பழைய கேம் எல்லாம் நாம வச்ச வால்யூமை மதிக்காது. திறந்த உடனே கார்டை முழுச் சத்தத்துக்கு ஏத்திரும். இது எனக்குத் தெரியும்லே! தெரிஞ்சும் ஒரு நாளும் இதையும் ஜம்பரையும் சேத்து யோசிச்சதில்ல. கல்லாவுல உக்காந்திருந்த அண்ணாச்சியைப் பாத்தேன். அவரு என்னைப் பாத்தாரு. தலையை லேசா ஆட்டினாரு, சொல்லாதேன்னு.

"சளியா இருக்கும் வே. ஆவி பிடியும்"னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

"அதான் அக்காவும் சொல்லுதா"ன்னு சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு.

அவரு தலை மறைஞ்சதும் அண்ணாச்சி சொன்னாரு: "ஏலே, இன்னைக்குக் காதுன்னு ஒருத்தன் வந்தான். நீ ஆமான்னு சொன்னா நாளைக்குத் தலைவலின்னு ஒருத்தன் வருவான், பல்லுவலின்னு ஒருத்தன் வருவான். எல்லாத்துக்கும் நாமளா பொறுப்பு? ரெண்டு நாள்ல தானாச் சரியாப் போயிரும், சோலியப் பாரு." அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அவரு தலையை ஆட்டலன்னாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பயம் அப்படி.

மறுநாள் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரம், அதே மாதிரிக் கார்டு, அதே கேம், அதே ஹெட்போனை எடுத்து மாட்டினேன். காதுல வைக்கத் தைரியம் இல்ல. மேஜைக் கண்ணாடி மேல வச்சிட்டுக் கேமைத் திறந்தேன். முதல் குண்டு வெடிச்சுது. கண்ணாடி மேல கிடந்த ஹெட்போன் அதிர்ந்து, தானா ஒரு விரக்கடை நகந்துச்சு. நான் பின்னால போய்ச் சுவத்துல முட்டிக்கிட்டேன். அந்த ஆளு இதைக் காதுல வச்சிருக்காரு. அப்பவே சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். தச்சநல்லூர் என்ன தூரமா? கால் மணி நேரம். போகல. கேமை மூடிட்டு, ஹெட்போனை எடுத்துக் கண்ணாடி அலமாரியில பழையபடி மாட்டி வச்சேன்.

புதன்கிழமை முழுக்கக் கடைக்குள்ள எவன் ஏறினாலும் சூசையான்னு எட்டிப் பாப்பேன். டெலிபோன் அடிச்சா எடுக்க மாட்டேன். ஆள் வரலையே, அப்போ சரியாப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

வியாழக்கிழமை வந்துட்டாரு. முகத்துல ஒரு வருத்தமும் இல்ல, அதான் எனக்கு இன்னும் பயம்.

"ஏ வே, இந்தக் கார்டுல சத்தம் காணல. முந்தி பாதியில வச்சுக் கேட்டேன், இப்போ முழுசாக் கூட்டிட்டேன், அப்பவும் பாட்டு எங்கேயோ தூரத்துல ஓடுற மாதிரி இருக்கு. இதைவிடச் சத்தமானது உண்டுமா?"

"அடுத்த வாரம் வருது தம்பி"ன்னு அண்ணாச்சி கல்லாவுல இருந்தே சொன்னாரு. சூசை அவரு பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி?"ன்னு கேட்டாரு. அண்ணாச்சி திரும்பச் சொன்னாரு. சரின்னு தலையாட்டிட்டுப் படியிறங்கிப் போனாரு.

சத்தம் குறையல, இவரு காது குறையுது. குறையக் குறைய இவரு கூட்டிக்கிட்டே போறாரு. அடுத்த புதன்கிழமை மெடிக்கல். எஞ்சின் ரூம்ல வேலை பாக்கிறவனுக்குக் காதுதான் முக்கியம்னு அவரே என்கிட்ட சொல்லியிருந்தாரு. மூணு வருஷம் அலைஞ்ச இடம் ஒரு அரிசி அளவு குல்லாவுல போகப் போகுது, அதை மாட்டினவன் நான். சைக்கிளை எடுத்தேன். அண்ணாச்சி பின்னாலயே "ஏலே, எங்கலே போற!"ன்னு கத்தினாரு. நான் திரும்பல.

அங்க அவரு அக்காதான் பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டுக் கதவைத் திறந்தாங்க. "இப்பதான் வந்தான், உள்ள இருக்கான். நீங்களே போங்க, நான் கூப்பிட்டாக் கேக்காது. நாலு நாளா இப்படித்தான், பக்கத்துல போய்த் தோளைத் தட்டினாத்தான் திரும்புதான். எப்பப் பாத்தாலும் அந்தக் கருமத்தை மாட்டிக்கிட்டு"ன்னாங்க.

வாசல்படியில நிக்கிற எனக்கே பாட்டு வரி வரியாக் கேட்டுச்சு. அவரு முதுகைக் காட்டி உக்காந்து, தலையை மெல்ல ஆட்டி ரசிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போய் வயரை உருவினேன்.

எல்லாத்தையும் சொன்னேன். குல்லா, கேம், மேஜையில நகந்த ஹெட்போன், சளின்னு சொன்ன பொய், ஒண்ணு விடாமச் சொன்னேன். அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "உமக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

எந்திரிச்சுச் சட்டையைப் போட்டாரு. "வாரும், டாக்டர்ட்டப் போவோம்"னாரு.

ஆத்துப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டையில ஒரு காது டாக்டர். அங்க காது டெஸ்ட் பண்ணுற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, கண்டிப்பான ஆளு. சூசையைக் கண்ணாடி வச்ச ஒரு சின்ன ரூமுக்குள்ள உக்கார வச்சு, "காதுல சத்தம் கேட்டவுடனே கையைத் தூக்கணும், எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் தூக்கணும்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினாங்க. நான் வெளிய அவங்க முதுகுக்குப் பின்னால நின்னேன். மிஷின்ல ஒரு பட்டனை அமுக்கினா சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா உள்ள சத்தம் போகுதுன்னு அர்த்தம்.

வலது காதுக்குக் கை மேல போச்சு, சில நேரம் கொஞ்சம் தாமசமா. பெறகு இடது காது. முதல்ல கனத்த சத்தங்கள், கை தூக்கினாரு. கீச்சுச் சத்தத்துக்கு மாத்தினாங்க. விளக்கு எரிஞ்சுது. கை முழங்கால் மேலயே கிடந்துச்சு. அந்தம்மா ஒரு படி கூட்டினாங்க. எரிஞ்சுது. கை அப்படியே கிடந்துச்சு. இன்னொரு படி. இன்னொரு படி. தூக்கும் வே, தூக்கும் வேன்னு எனக்குள்ளயே கத்திக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் சூசை கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு. பாத்துப் புருவத்தைத் தூக்கி, கையை விரிச்சு, 'இன்னும் ஆரம்பிக்கலியா?'ன்னு சைகையில கேட்டாரு.

விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

முடிஞ்சதும் அந்தம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஞாயித்துக்கிழமை வெடிச்சது, இன்னைக்கு வரைக்கும் மாட்டிக்கிட்டு இருந்ததுன்னு சொன்னேன். "தெரிஞ்சேவா விட்டீங்க?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். "காதுக்கு ஒரு அடி பட்டா ஓய்வு கொடுத்தாப் பெரும்பாலும் மீண்டு வரும் தம்பி. நீங்க அடிபட்ட இடத்துலயே நாலு நாள் அடிக்க விட்டிருக்கீங்க. வலது காது வந்துரும். இடது எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. டாக்டர் மாத்திரை எழுதினாரு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுச் சத்தமில்லாத இடமா இருக்கச் சொன்னாரு.

திரும்பி வரும்போது பாலத்துல சைக்கிளை உருட்டிக்கிட்டு நடந்தோம். பாதிப் பாலத்துல நின்னுட்டாரு.

"அந்தக் குல்லாவை மாட்டினதுக்கு எனக்குக் கோவம் இல்ல வே. எல்லாக் கடையிலயும் சத்தத்தைக் காட்டித்தான் விக்கான், நானும் சிரிச்சுட்டுத்தான் வாங்கினேன். ஆனா திங்கக்கிழமை உம்மகிட்டத்தானே வந்து கேட்டேன்? நீரு சொல்லியிருந்தா நான் கழட்டி வச்சிருப்பேன்லா? எதுக்கு வே சொல்லல?"

பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். "எனக்கு இப்போ இருக்கு பாரும், அதைவிடவா?"ன்னு கேட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில கடையில இருந்த அத்தனை கார்டையும் எடுத்து அண்ணாச்சி கண்ணு முன்னாலயே குல்லாவைத் திருப்பி மாட்டினேன். "அவ்வளவு பெரிய யோக்கியன்னா தனியாக் கடை வையிலே"ன்னு கத்தினாரு. அந்த வாரம் சாயங்காலம் எல்லாம், யார் யாருக்கு மாட்டிக் கொடுத்தேன்னு யோசிச்சு யோசிச்சு ஒவ்வொரு வீடாப் போய்க் கதவைத் தட்டினேன். ஒருத்தர் திட்டினாரு, ஒருத்தர் பழைய சத்தம்தான் வேணும், நீரு போவும்னு விரட்டினாரு. அவருகிட்ட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னு மாத்திட்டுத்தான் வந்தேன். சூசை வீட்டுக்கும் தினம் போனேன். அவரு பஞ்சை வச்சுக்கிட்டுப் பிள்ளைத் தொட்டிலைப் பாத்து உக்காந்திருப்பாரு, அக்கா என்கிட்ட முகம் கொடுக்க மாட்டாங்க.

புதன்கிழமை நான் கடைக்கே போகல. தூத்துக்குடிக்கு அவரு கூடப் போய், அந்தக் கம்பெனி டாக்டர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்தேன். சாமி பேரெல்லாம் சொன்னேன், கடைசியில மாதா பேரையும் சேத்துக்கிட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தாரு. அங்க மிஷின் எல்லாம் இல்ல, டாக்டர் பின்னால நின்னு ஒவ்வொரு காதா அடைச்சுப் பேசிப் பாத்தாராம். வலது நல்லாக் கேட்டுச்சாம். இடதுல பாதி கேட்டுப் பாதி ஊகிச்சுச் சொன்னாராம். பாஸ் போட்டுட்டாங்க. அந்தப் பெஞ்சுலயே உக்காந்து அழுதேன். அவரு அழல.

அதனாலதான் சொல்லுதேன், கேளுங்கலே. ஹெட்போனை முதல்ல உங்க காதுல வையுங்க, சத்தத்தைச் சுத்தமா இறக்கிட்டுப் பையப் பையக் கூட்டுங்க, காணாதுன்னு சொன்னா காணாதுன்னே இருக்கட்டும், போகட்டும், விக்க வேண்டாம். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்னொண்ணு. தப்பு பண்ணுவீங்க, நானும் பண்ணினேன், பண்ணாதவன் இந்தத் தொழில்ல கிடையாது. பண்ணினது தெரிஞ்ச நிமிஷமே போனை எடுத்து, "அதைக் கழட்டி வையுங்க, நான் வாரேன்"னு சொல்லிருங்க. முதலாளி சொல்லாதேன்னு தலையை ஆட்டட்டும், நான் தலையை ஆட்டினாலும் சரி, கேக்காதீங்க.

அந்த வார முடிவுலயே சூசைக்குக் கப்பல். ஜங்ஷன்ல இருந்து பஸ் ஏறினாரு. தகரப் பெட்டியை மேல ஏத்திக் கட்டிட்டு, ஜன்னல் ஓரமா உக்காந்தாரு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவரு இடது காது. டிரைவர் எஞ்சினைப் போட்டுட்டாரு, சுத்திலும் ஹாரன். பாலத்துல நிக்கும்போதும் அந்தப் பெஞ்சுல அழும்போதும் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்லாமலே விட்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்பத்தான் சொன்னேன், "மன்னிச்சிரும் வே"ன்னு.

அவரு சிரிச்ச முகமா முன்னாலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. திரும்பவும் சொன்னேன். என் வாய் அசையிறது ஓரக்கண்ணுல பட்டிருக்கும் போல. உடம்பையே முழுசாத் திருப்பி, வலது காதை ஜன்னல் கம்பிக்கிட்டக் கொண்டு வந்து, "இங்கன சொல்லும்"னாரு.

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கிற மாதிரிக் கத்திச் சொன்னேன்.